மூன்றாம் ஓலை

ஜெகதளா
23.06.2025, திங்கள்

அன்புள்ள பிராங்ளின்,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. கோபமும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. ஒன்றை மட்டும் அடித்தால் பொய்யாகிவிடும்.

மூன்று ஞாயிறு வாசிக்கிற நம் கல்யாண அறிவிப்பில், நேற்று எங்கள் சபையில் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் கல்யாணப் பெண் கோயிலுக்குப் போகக் கூடாது என்ற பழக்கப்படி நான் வீட்டில் இருந்தேன். அத்தை மட்டும் போனார்கள். அத்தை என்றால் யார் என்று நீங்கள் மறந்துவிட்டது போலத் தெரிவதால் எழுதுகிறேன்: தபித்தாள் அம்மாள், என் முதல் கணவர் சுவிசேஷமுத்துவைப் பெற்றவர்கள். அவர் காய்ச்சலில் போனதிலிருந்து நானும் அத்தையும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். உங்களை எனக்குப் பேசி முடித்தவர்களும் அவர்கள்தான்.

கோயில் விட்டு வந்த அத்தை சேலையைக்கூட மாற்றவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, முன்னறைச் சுவரிலிருந்து முத்துவின் போட்டோவைக் கழற்றினார்கள். “என்னங்க அத்தை இது?” என்றேன்.

“உன்னையக் கன்னிகைன்னு வாசிச்சாங்கம்மா. சபையில வாசிச்சாச்சு. அப்புறம் இவன் எதுக்குச் செவுத்துல?” என்றார்கள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேற்றத் தெரியும். போட்டோவைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சோறு வடிக்கப் போய்விட்டார்கள்.

நான் ஆயர் ஐயாவுக்குப் போன் செய்தேன். முதல் வாரம் அவரே ‘விதவையாகிய லோயிஸ்’ என்று சரியாகத்தான் வாசித்திருக்கிறார். நேற்று அவர் ஊட்டியில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டதால் உபதேசியார் வாசித்தாராம். தாளில் ‘விதவையாகிய’ என்ற சொல் அடிக்கப்பட்டிருந்தது. பெண்ணின் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லாததைப் பார்த்த உபதேசியார், நாற்பது வருட வாய்ப்பழக்கத்தில் ‘கன்னிகை’ என்று வாசித்துவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அடித்தது யார் என்று கேட்டேன். மாப்பிள்ளை வந்து கேட்டுக்கொண்டார் என்றார் ஆயர்.

மூன்றாம் ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஜூலை பத்தாம் தேதி நம் கல்யாணம் இல்லை. அதற்குப் பிறகு உண்டா என்று கேட்டால், எனக்கே தெரியவில்லை.

போனில் பேச வேண்டாம். போனில் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள், நான் சிரித்துத் தொலைப்பேன், விஷயம் அப்படியே கிடக்கும். வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது உங்களுக்கும் பொருந்தும்: மெள்ள, ஒவ்வோர் அடியிலும் நின்று நிதானித்து நடப்பதைத்தான் வந்த வழியே திருப்பிக் கொண்டுபோக முடியும். தடாலென்று நடந்தது திரும்பாது. நீங்கள் தடாலென்று செய்துவிட்டீர்கள். இனியாவது மெள்ளப் போவோம். எழுதுங்கள்.

லோயிஸ்


நாடுகாணி
27.06.2025

லோயிஸ் டீச்சருக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் ஷிஜோ மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். “கல்யாணக் கத்தா சாரே?” என்று மலையாளத்தில் கேட்டு ஒரே சிரிப்பு, கடிதத்தைத்தான் கத்து என்கிறார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன். அந்த மனிதரிடம் வேறு என்னத்தைச் சொல்வது.

முதலில் என் பக்கத்தையும் கேள். முதல் ஓலை அன்று நான் உங்கள் சபைக்கு வந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பெண் வரக் கூடாது என்றுதானே பழக்கம், மாப்பிள்ளைக்கு என்ன. நம் பெயர்களைச் சேர்த்து வாசிப்பதை ஒருமுறை காதால் கேட்க ஆசையாக இருந்தது. கடைசி பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் மாதிரி இருந்தேன்.

ஆயர் என் பெயரை வாசித்தார். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. நாற்பத்திரண்டு வயது வரைக்கும் பெண் கிடைக்காமல் திரிந்ததற்கு எனக்கு ஒரு பட்டமும் கொடுக்கவில்லை. உன் பெயருக்கு முன்னால் மட்டும் ‘விதவையாகிய’. எனக்கு முன் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி, “அந்தப் புள்ளைக்கும் ஒரு வழி கெடச்சுதே” என்றாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு இதே உச்சா என்று நினைத்து ஆயரிடம் போனேன். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுக்கத்தான் சொன்னேன் லோயிஸ். வேறு சொல்லைப் போடச் சொல்லவில்லை. உபதேசியார் வாய் சும்மா இருக்காது என்று நான் எப்படிக் கண்டேன்?

நானும் இயற்பியல் படித்தவன்தான், இரண்டு அரியரோடு என்றாலும். நாடுகாணித் தோட்டத்தைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிவந்த நீ, எங்கள் டீ ஃபேக்டரிக்குள்ளும் நுழைந்தாயே, அன்று டிரையர் பக்கத்தில் நின்று என்ன சொன்னாய்? “எந்த அமைப்பையும் வேலை செய்து தொடக்க நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்” என்று சொன்னாயா இல்லையா? டிரையரைப் பற்றி நான் சொன்னது தப்பென்று அத்தனை பிள்ளைகள் முன்னால் திருத்திவிட்டுத்தான் இதையும் சொன்னாய். அன்றைக்குத்தான் உன்னைப் பிடித்துப்போனது. அந்த வார்த்தையை நம்பித்தான் நானும் இறங்கினேன். உன் தலையில் இருக்கிற அந்தத் துக்கத்தை இறக்கி வைத்து, பழையபடி ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன். அது குற்றமா?

இன்னும் கைமீறிவிடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பறித்த இலையைப் பரப்பிக் காற்றுவிட்டு வாட்டுகிறோம். வாடின இலை மேல் மூடுபனி இறங்கினால் இழந்த ஈரத்தைக் கொஞ்சம் திரும்ப இழுத்துக்கொள்ளும். ரோலருக்குள் போய் அரைபட்ட பிறகுதான் ஒன்றும் செய்ய முடியாது. நாம் இன்னும் ரோலருக்குள் போகவில்லை. ஜூலை ஆறாம் தேதி ஞாயிறு ஆயரே ஒரு திருத்தம் வாசித்துவிடட்டும், நான் அவரிடம் பேசுகிறேன். மூன்றாம் ஓலையையும் அதோடு வாசித்துவிட்டால் ஜூலை பத்து அப்படியே நிற்கும்.

அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல். இல்லை, சொல்லாதே. அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே மழை விட்டபாடில்லை. நீ இல்லாமல் இந்த ஊர் ரொம்பவும் ஈரமாக இருக்கிறது.

பிராங்ளின்


ஜெகதளா
02.07.2025

அன்புள்ள பிராங்ளின்,

பாதிப் பாடத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறீர்கள். அரியர் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

மீதியைச் சொல்கிறேன். தண்ணீரைப் பிரிட்ஜில் வைத்தால் ஐஸ் ஆகிறது. உருகிவிட்டால் மறுபடி வைத்து மறுபடி ஐஸ் ஆக்கலாம். உள்ளே பார்த்தால் எல்லாம் பழையபடிதான். ஆனால் பிரிட்ஜுக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள், சுடும். உள்ளே இருந்து எடுத்த சூடும், எடுப்பதற்குச் செலவழித்ததும் சேர்ந்து அங்கே போய் நிற்கிறது. அமைப்பைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம் என்று நான் சொன்னது மெய். சூழலில் ஒரு மாற்றம் மிச்சமாகாமல் கொண்டுவர முடியாது என்பது அடுத்த வாக்கியம். அமைப்பு, சூழல் இரண்டும் தடயமில்லாமல் பழையபடி ஆனால்தான் அதற்கு மீள் நிகழ்வு என்று பெயர். புத்தகத்தில் இருக்கிறது. உலகத்தில் இல்லை. இங்கே நடப்பதெல்லாம் மீளா நிகழ்வுதான்.

நீங்கள் என்னை மட்டும் பார்த்தீர்கள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. என்னைக் கன்னிகை ஆக்கிய சூடு முழுவதும் அத்தை மேல் போய் இறங்கியது. நான் கல்யாணமே ஆகாதவள் என்றால் அவர்கள் பிள்ளை வாழவே இல்லை என்றுதானே அர்த்தம்?

எடுக்கத்தான் சொன்னேன் என்கிறீர்கள். காலியான இடம் காலியாகவே கிடக்குமா? வாயு இருக்கிற அறைக்கும் வெற்றறைக்கும் நடுவில் இருக்கிற கதவைத் திறந்தால், யாரும் தள்ளாமலே வாயு போய் நிரப்பிக்கொள்ளும். தானாகத் திரும்பி வராது. நீங்கள் கதவைத் திறந்தீர்கள், உபதேசியாரின் பழக்கம் வந்து நிரப்பிக்கொண்டது. திருத்தம் வாசித்தாலும் பிரயோஜனமில்லை. ‘கன்னிகை அல்ல, விதவை’ என்று இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டிவரும். ஊர் ஒரு மாதத்துக்கு அதை மென்றுகொண்டிருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த உச்சு எனக்குப் புதிதில்லை. ரேஷன் கடையில் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன், அது பாட்டுக்கு வரும், போகும். உங்கள் காது சூடானது யார் பொருட்டு? என் பொருட்டா, உங்கள் பொருட்டா? யோசித்துவிட்டே பதில் எழுதுங்கள்.

முத்துவோடு நான் எட்டு வருடம் வாழ்ந்தேன். நன்றாக வாழ்ந்தேன். அதிலிருந்து என்னை மீட்கச் சொல்லி யாரிடமும் நான் மனுப்போடவில்லை. இருபத்தாறு வயதில் நான் எப்படிப்பட்ட சிடுமூஞ்சி தெரியுமா? சிரிக்கத் தெரியாது, தோற்கத் தெரியாது. அந்த மனிதர்தான் பொறுமையாக என்னைச் சிரிக்க வைத்தார். அவரோடு வாழாத லோயிஸ் உங்களைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். உங்களுக்குப் பிடித்த ஆளை உங்களுக்குச் செய்து கொடுத்ததே அவர்தான். அவரை அடித்தால் நானும் சேர்ந்து அடிபடுவேன்.

உங்களைப் பிடித்திருக்கிறது. அதில் ஒரு மாற்றமும் இல்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஆனால் அத்தை, “எனக்கொண்ணும் இல்லம்மா, நீ போயி நல்லா இரு” என்கிறார்கள். சொல்லும்போது என்னைப் பார்ப்பதில்லை. அவர்கள் அப்படி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்வரை இன்னோர் ஓலைக்கு நான் பெயர் கொடுக்க மாட்டேன். நீங்கள் புறப்பட்டு வந்துவிட வேண்டாம். வந்து ஏதாவது பேசிக் கெடுத்துவிடுவீர்கள்.

லோயிஸ்


ஜெகதளா
10.07.2025

பிராங்ளின்,

இன்று நம் கல்யாண நாளாக இருந்திருக்க வேண்டியது. போட்டிருந்த லீவை ரத்து செய்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிளஸ் டூ பிள்ளைகளை ஒரு காரணமும் இல்லாமல் திட்டிவிட்டு வந்தேன்.

கேட்க வேண்டியது வேறு. நேற்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது கறிக்குழம்பு வாசனை. புதன்கிழமை எங்கள் வீட்டில் யாரும் கறி எடுப்பதில்லை. சமையல்கட்டில் ஒரு பாக்கெட் டீத்தூள், உங்கள் ஃபேக்டரித் தூள். கேட்டால், “கடைக்காரரு குடுத்தாரும்மா” என்கிறார்கள் அத்தை. எந்தக் கடைக்காரர் என்றால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். உங்கள் தூள் ஊட்டியைத் தாண்டி இந்தப் பக்கம் எந்தக் கடையிலும் விற்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

வரவேண்டாம் என்று எழுதியிருந்தேன் அல்லவா?

இரவு சாப்பிடும்போது அத்தை தானாகவே முத்து சின்ன வயதில் ரயில் பார்க்கப் போய்த் தொலைந்துபோன கதையைச் சொன்னார்கள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். என்ன நடந்தது என்று உடனே எழுதுங்கள்.

லோ.


நாடுகாணி
14.07.2025

என் லோயிஸ்,

ஆமாம், வந்தேன். நீ பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வந்தேன். நீ வரவேண்டாம் என்றாய், பிரிட்ஜுக்குப் பின்னால் கை வைத்துப் பார் என்றும் நீதான் சொன்னாய். இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டே வந்தேன். கதவைத் திறந்த அத்தை, “வாங்க தம்பி, நனைஞ்சுட்டீங்களே, துண்டு எடுத்துட்டு வரேன்” என்றதும் எல்லாம் மறந்துபோய்விட்டது. துண்டைக் கொடுத்தார்கள். “சாப்ட்டீங்களா?” என்றார்கள். இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதுதான் அந்தக் கறிக்குழம்பு.

அடுப்படி வாசலில் உட்கார்ந்து, “அவரு போட்டோவப் பாக்கலாமுங்களா?” என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். பிறகு பெட்டியைத் திறந்தார்கள். உங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கிறேன், அந்தப் போட்டோவை ஒருநாளும் நான் நேராகப் பார்த்ததில்லை. காலண்டரைப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன், அதை மட்டும் விட்டுவிடுவேன். அன்றைக்கு மடியில் வைத்துப் பார்த்தேன். நல்ல முகம். அத்தை பேசிக்கொண்டே வெங்காயம் உரித்தார்கள். அந்த ரயில் கதையை எனக்கும் சொன்னார்கள். அவர் பீன்ஸ் பொரியலைத் தட்டுக்கடியில் ஒளித்து வைத்ததைச் சொன்னார்கள். கடைசிக் காய்ச்சலில் அவர் மேல் இருந்த மருந்து வாசனையைக்கூடச் சொன்னார்கள்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: காது சூடானது என் பொருட்டுத்தான். எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார் என்று ஊர் கேட்க வாசிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உச்சு ஒரு சாக்கு. பொறாமைதான் லோயிஸ். அன்றைக்கு அந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோதும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஆனாலும் இன்னும் சொல்ல மாட்டார்களா என்றும் இருந்தது.

அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை பார். அத்தையைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, “மறுபடி ஓலை வாசிச்சா ‘தபித்தாள் அம்மாளின் மகள் லோயிஸ்’னு போடச் சொல்றனுங்க” என்றேன். உனக்கும் அப்பா அம்மா இல்லை, அவர்களுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“மகள்னு போட்டா எம் மகன் எங்க தம்பி போவான்? அவன் வழியாத்தான இவ எனக்கு வந்தா. மருமகள்னு போடுங்க. அதுல ரெண்டு பேரும் இருக்காங்க.”

இரண்டாவது தடவையும் அதே தப்பைச் செய்யப் போயிருக்கிறேன். அதே மனிதரைத்தான் அடிக்கப் போனேன், இந்தத் தடவை அன்பாக. சாப்பிட்டு முடிகிறவரைக்கும் என்னால் தலை நிமிர முடியவில்லை. அவர்கள்பாட்டுக்கு இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்கள்.

திரும்பும் வழியில் ஆயரைப் பார்த்தேன். வாசிப்பதானால் முதல் ஓலையிலிருந்துதான் வாசிக்க வேண்டும் என்கிறார். வாசகத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ‘காலஞ்சென்ற சுவிசேஷமுத்துவின் மனைவியாயிருந்தவரும், தபித்தாள் அம்மாளின் மருமகளுமாகிய விதவை லோயிஸ்’. ஒரு சொல்லும் விடாமல் தானே வாசிப்பதாகச் சொன்னார். ஆனால் நீ சரி என்று சொன்னால்தான் வாசிப்பார். நானும் அதையேதான் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்று. கல்யாணத்துக்குப் பிறகு அத்தையும் இங்கே வந்துவிட வேண்டும் என்று கேட்டேன். “நாடுகாணியில அட்டை கடிக்குமாமே?” என்றார்கள். கடிக்கும் என்றேன். இனிமேல் அவர்களிடம் எதையும் மறைப்பதாக இல்லை. “பாக்கலாம்” என்றார்கள். அது சம்மதமா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

சரி என்றால் சொல். இல்லை என்றாலும் சொல். இல்லை என்றால் நான் என்ன ஆவேன் என்று தெரியாது, அதற்காக நீ சரி என்று சொல்ல வேண்டாம்.

உன்
பிராங்ளின்


ஜெகதளா
03.08.2025, ஞாயிறு

அன்புள்ள பிராங்ளின்,

கோயிலிலிருந்து வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். இன்று மூன்றாம் ஓலை.

நான் சரி என்று சொன்ன பிறகு ஓலை வாசித்த இரண்டு ஞாயிறும் வீட்டில்தான் இருந்தேன். இன்று காலை, “நானும் வரேனுங்க அத்தை” என்றேன். பெண் வரலாமா என்று யோசித்தார்கள். “அந்தப் பழக்கமெல்லாம் கன்னிகைகளுக்குங்க” என்றேன். போட்டோவைக் கழற்றிய நாளிலிருந்து அத்தை சத்தம் போட்டுச் சிரித்து நான் இன்றுதான் கேட்டேன்.

நடு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆயர் உங்கள் பெயரை வாசித்தார். பிறகு முத்துவின் பெயர், அத்தையின் பெயர், கடைசியில் என் பெயர். பின்னாலிருந்து அந்த உச்சு வந்தது. யாராக இருக்கும் என்று எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. என் கணவர் பெயரை அத்தனை வருடம் கழித்துச் சபையில் கேட்டது எனக்குப் போதுமாக இருந்தது. அதற்கு நீங்கள்தான் காரணம். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும். அதனால் உங்கள் மேல் இருக்கிற அன்பு எழுதுகிற அளவைத் தாண்டிவிட்டது.

“இவ்விருவரும் விவாகத்தில் இணைவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர் இருந்தால், எழுந்து தெரிவிக்கலாம்” என்று ஆயர் சொன்னார். வழக்கமாகச் சொல்லி முடித்ததும் பாட்டு நம்பர் சொல்லிவிடுவார். அதற்குள் அத்தை எழுந்து நின்றார்கள்.

இவ்வளவு நாள் உள்ளே வைத்திருந்து இப்போதுதான் சொல்லப் போகிறார்கள் என்றே நினைத்தேன். நீங்கள் நாடுகாணியில் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்துக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்கு எப்படிச் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். ஆயர் பாட்டுப் புத்தகத்தை மூடினார். “சொல்லுங்கம்மா. தடை எதாச்சும் உண்டுங்களா?” என்று கேட்டார்.

“தடை இல்லீங்க ஐயா” என்றார்கள் அத்தை. கடைசி பெஞ்ச் வரை கேட்டிருக்கும். “தடை இருக்கறவங்க எந்திரிங்கன்னு மூணு வாரமும் கேக்கறீங்க. சம்மதம் இருக்கறவங்கள யாரும் கேக்கறதில்ல. நான் முத்துவப் பெத்தவ. எனக்குச் சம்மதமுங்க. அதைச் சொல்லத்தான் எந்திரிச்சேன்.”

இதற்கு வாசகம் எதுவும் ஆயர் புத்தகத்தில் இல்லை. தாளை மடித்துவிட்டு, “ஆமென்” என்றார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. உபதேசியாரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது.

அத்தை உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு முடியும்வரை விடவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே, “அவருகிட்டச் சொல்லீரு, அட்டைக்கு உப்பு வாங்கி வெக்கச் சொல்லு” என்றார்கள்.

பதினான்காம் தேதி வியாழக்கிழமை நம் கல்யாணம். இனித் திரும்பிப் போக வழியில்லை, பிராங்ளின். எனக்குத் திரும்பிப் போகவும் வேண்டாம்.

உங்கள்
லோயிஸ்